வசந்தா டீச்சர் நடந்துபோன பத்தொன்பது வீடுகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளி விட்டு நான் வந்த பேருந்திலேயே அந்தச் செய்தியும் வந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. வெள்ளிமலையிலிருந்து எங்கள் ஊர் வரை முக்கால் மணி நேரம் என் பக்கத்திலேயே நின்று வந்த நடத்துனர், சின்னப் பெண்ணிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். வண்டி நின்றதும் இறங்கி, மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு சாலையோரம் காத்திருந்த அஞ்சலை அத்தையிடம் நேராகப் போனார். அஞ்சலை அத்தை எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர்.

"யம்மா, உங்க பால்வாடி டீச்சர் தவறிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போயிருக்காங்க. வழியிலயே முடிஞ்சுபோச்சாம்."

"எந்த டீச்சரு?" என்றார் அத்தை.

"பழைய டீச்சர்தாம்மா. வசந்தா டீச்சர்."

அத்தை அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி திரும்பிக் கீழே போகும்வரை எழுந்திருக்கவில்லை. கிழங்கு அன்றைக்குச் சந்தைக்குப் போகவில்லை.

டீச்சரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலைமேல் இருப்பவர்களில் பாதிப் பேர் அவர் கையால் சுண்டல் வாங்கித் தின்றவர்கள். கீழே இருப்பவர்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். அவரைப் பற்றி நல்ல விஷயங்களை நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். ஆனால் அவர் பெயரோடு ஒரு பொய்யும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடுகளுக்குப் போகாமலே போனதாகப் பதிவு செய்தார் என்பது அந்தப் பொய். அது ஒட்டிக்கொண்டது என்னால். அதைப் பிரித்தெடுக்க வேண்டியவளும் நான்தான்.

அவர் வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து இருபத்திரண்டு வருடம் தினமும் மலையேறி வந்தார். காலையில் முதல் பேருந்து, மாலையில் கடைசிப் பேருந்து. வளைவுகளில் வாந்தி வராமலிருக்க ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார் என்று நடத்துனர் சொல்வார். அத்தனை வருடம் கழித்தும் மலைப்பாதை அவருக்குப் பழகவில்லை. பழகாமலேயே வந்துகொண்டிருந்தார்.

மாதம் ஒரு முறை குழந்தைகளை எடை பார்ப்பார்கள். உத்தரத்திலிருந்து தொங்கும் தராசில் ஒரு துணிக் கால்சட்டையை மாட்டி, குழந்தையை அதற்குள் இறக்குவார்கள். எல்லாக் குழந்தைகளும் வீறிட்டுக் கத்தும். டீச்சர் முதலில் ஒரு பூசணிக்காயை அதில் உட்கார வைப்பார். "பாரு, பூசணி எவ்ளோ சமத்தா தொங்குது. அழுவுதா?" என்று கேட்பார். ஒரு முறை ஒரு குழந்தை, "அதுக்கு வாய் இல்லியே டீச்சர்" என்றதாம். அது நான்தான் என்று அவர் சொல்வார். எனக்கு நினைவில்லை. ஆனால் நான் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும், வாயாடினால், "உனக்கு மட்டும்தான் வாய் கீது, பூசணிக்கு இல்ல" என்பார்.

பிறகு போன் வந்தது. கள்ளக்குறிச்சியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், கைக்குட்டையில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். இனிமேல் குழந்தைகளின் வருகை, எடை, உயரம், சாப்பாடு, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சத்துமாவு, வீட்டுப் பார்வை எல்லாவற்றையும் அதில்தான் பதிய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழைய நோட்டுகளை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதனால் இரண்டும் நடந்தது.

"பதினோரு நோட்டு எழுதிக்கினு இருந்தேன். இது பன்னண்டாவது" என்றார் அத்தையிடம். "நோட்டுன்னா நாம எழுதறத வாங்கிக்கும். இது திருப்பிக் கேள்வி கேக்குது அஞ்சலை."

அடுத்து, சத்துமாவு கொடுக்கும்போது வாங்குகிறவரின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. முகம் ஏற்கெனவே பதிந்த முகத்தோடு பொருந்தினால்தான் மாவு கொடுத்ததாகக் கணக்காகும். ஆள் நிஜமாகவே எதிரில் இருக்கிறார் என்று தெரிய, படம் எடுக்கும்போது கண்ணைச் சிமிட்டவும் வேண்டும். முதல் நாள் நான் அங்கே இருந்தேன். விடுமுறை. பெண்கள் வாசல்வரை நின்றிருந்தார்கள்.

"இந்தப் போனப் பாத்து ஒரு தபா கண்ண மூடித் தொறம்மா" என்றார் டீச்சர்.

முதலில் நின்ற அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னா டீச்சர், போனப் பாத்துக் கண்ணடிக்கச் சொல்றீங்க? எங்க வூட்டுக்காரரு கேரளாவுல மொளகு பறிச்சிக்கினு இருக்காரு. யாராச்சும் போய்ச் சொல்லிட்டா இன்னா ஆவறது?"

"போன்தானேடி. ஆம்பளையா?"

"யாரு கண்டா, உள்ள ஒருத்தன் ஒக்காந்துக்கினு பாக்கறானோ இன்னமோ."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர்தான் அதிகம் சிரித்தார். ஆனால் மூன்றாவது ஆளிடம் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் வேண்டுதலுக்கு மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தார். போன் அவரை ஏற்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி, வெளிச்சத்தில் நிறுத்தி, முக்காடு போட்டு, ஏழு முறை எடுத்தார் டீச்சர். "மொட்ட அடிச்சா நான் இன்னா வேற ஆளா ஆயிட்டனா? எம் புருசனே அடையாளம் கண்டுக்கினாரு" என்று அவர் கோபித்துக்கொண்டார். டீச்சர் அவருக்கு மாவைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்று மாலை இருப்பில் இரண்டு பாக்கெட் குறைகிறது என்று போன் காட்டியது. அதற்கு ஒரு விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

நான் இந்த வேலைக்குள் எப்படி வந்தேன் என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் போனுக்கு இணைப்பு கிடைக்காது. சாமைக் காடுகளைத் தாண்டி இருபது நிமிடம் ஏறினால் ஒரு பாறை. அதன்மேல் நின்று கிழக்கே பார்த்தால் சமவெளி தெரியும், இணைப்பும் கிடைக்கும். டவர் பாறை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். டீச்சர் குழந்தைகளை அனுப்பிவிட்டுப் பாறைக்கு ஏறி, பதிந்தவற்றை மேலே அனுப்பிவிட்டு, ஐந்தே முக்கால் வண்டிக்கு ஓடி வர வேண்டும். மழை நாட்களில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். பதிவு போகும், அல்லது டீச்சர் வீட்டுக்குப் போவார்.

அவருடைய கண்ணாடி தூரத்துக்குச் சரியாக இருந்தது, போன் எழுத்துக்குச் சரியாக இல்லை. அதிலிருந்த தமிழும் யாரும் பேசாத தமிழ். ஒரு நாள் நான் பாறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, "தேனு, நீ புக்கு படிக்கிற புள்ளைதானே, இது இன்னா கேக்குதுன்னு பாரு" என்று போனை நீட்டினார். நான் பார்த்துச் சொன்னேன். அப்படித்தான் தொடங்கியது. சில வாரங்களில் போன் என் கையிலும் நோட்டு அவர் கையிலும் இருக்க, அவர் வாசிக்க வாசிக்க நான் பதிந்துகொண்டிருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெரிய வேலையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

போனின் ரகசிய எண்ணை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. அதை எனக்குச் சொன்ன அன்று, டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இது தப்பு தேனு. தெரிஞ்சேதான் பண்றேன். நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

தினமும் பதினொரு மணிக்கு அங்கன்வாடி டீச்சர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு பட்டியல் வரும். பதிவு முடிந்த மையங்கள் பச்சையில், முடியாதவை சிவப்பில். எல்லோருக்கும் எல்லோருடைய பெயரும் தெரியும். எங்கள் மையம் மாதத்தில் பாதி நாள் சிவப்பில் இருந்தது. அந்தப் பட்டியலை டீச்சர் பார்ப்பது மறுநாளோ, மாலையில் பாறைக்கு ஏறிய பிறகோதான். ஆனாலும் பதினொரு மணி ஆனதும் அவர் முகம் மாறிவிடும் என்று அத்தை சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூட மேலிருந்து ஒரு சொல் கேட்காதவர் அவர்.

ஒரு மாலை பாறையில் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னாச்சு டீச்சர்?"

"இன்னைக்கு ஒரு சின்னது ஓடியாந்து, வழியில அணில் பாத்தேன்னு ஆரமிச்சுது. இரு கண்ணு, இதப் போட்டுட்டு வரேன்னேன். உயரம் ஏறவே மாட்டேன்னுது போன்ல. திரும்பிப் பாக்கறேன், அது செவுத்தாண்ட நின்னுக்கினு, செவுத்துக்குக் கத சொல்லிக்கினு கீது."

அடுத்த பெயரை வாசித்தார். நான் பதிந்தேன். அந்த நிமிடத்தில் அவரிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அப்போது பதிவு முடியவேண்டுமே என்றுதான் இருந்தது.

வீட்டுப் பார்வை என்பது கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரர்களையும் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவது. எங்கள் ஊரில் வீடுகள் ஒரே இடத்தில் இல்லை. பாதிப் பேர் தங்கள் காட்டிலேயே வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்ததற்கு ஓடையைத் தாண்ட வேண்டும், அல்லது மேடு ஏற வேண்டும். கார்த்திகை மாதத்தில் அவருக்குப் பத்தொன்பது வீடுகள் இருந்தன. மதியம் குழந்தைகள் தூங்கும்போது அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு, நாளொன்றுக்கு ஒரு வீடு, சில நாள் இரண்டு என்று நடந்து முடித்திருந்தார். போனவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியோடு எழுதியிருந்தார். அந்த வீடுகள் எதிலும் இணைப்பு இல்லை. ஆகவே போனில் ஒன்றும் ஏறவில்லை. பத்தொன்பதும் சிவப்பில் நின்றன.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. டீச்சர் மையத்தில் மாவு கொடுத்துக்கொண்டிருந்தார். போனையும் நோட்டையும் என்னிடம் கொடுத்து, "அவசரப்படாத. இன்னைக்கு ரெண்டு மூணு போடு. அப்பறம் தெனம் ரெண்டு ரெண்டா போட்டுக்கலாம். போன தேதி எதுவும் கொழப்பிடாத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் ஒரு தடித்த நாவலைக் கள்ளக்குறிச்சி நூலகத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது. மாமா அன்று கீழே போவதாக இருந்தார். இன்னும் நூறு பக்கம் பாக்கி. தினமும் பாறைக்கு ஏறி இரண்டு இரண்டாகப் போடுவதைவிட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் டீச்சருக்கும் நிம்மதி, எனக்கும் வாரம் முழுக்க மாலை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். தேதி கேட்ட இடத்தில் போன் தானாகவே அன்றைய தேதியைக் காட்டியது. மாற்றினால் மூன்று முறை தொட வேண்டும். மாற்றவில்லை. பெயர், 'சென்றீர்களா', 'ஆம்', அடுத்தது. பெயர், 'ஆம்', அடுத்தது. நாற்பது நிமிடத்தில் பத்தொன்பது வீடும் பச்சையாகிவிட்டன. மீதி நேரம் நாவலைப் படித்தேன்.

ஓடிப்போய் டீச்சரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளிப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாவுப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் காத்திருந்தாள்.

"சரி, முடிஞ்சிதுல்ல" என்றார் பிறகு. "வூட்டுக்குக் கெளம்பு. பனி எறங்குது."

அது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு போனேன்.

தை பிறந்து ஒரு வாரத்தில், டீச்சர் மாற்றலாகிக் கீழே போகிறார் என்று அம்மா சொன்னார். சமவெளியில் ஒரு மையமாம். எனக்கு நம்ப முடியவில்லை.

"யாரு மாத்தினாங்க?"

"அவங்களே கேட்டு வாங்கினாங்களாம். அப்பிடித்தான் சொன்னாங்க. வயசாவுது, எத்தினி வருசம் மல ஏறுவாங்க? அங்க டவர் நல்லா கெடைக்குமாம்."

டவர் என்ற சொல்தான் என்னைச் சுட்டது. அவ்வளவு நாள் பாறையில் உட்கார்ந்து பதிந்து கொடுத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வசதியான இடம் பார்த்துப் போகிறார் என்று நினைத்தேன். கடைசி நாள் அவர் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வாசலிலும் வந்து நின்றார்.

"தேனு, டீச்சர் வந்திருக்காங்க பாரு" என்று அம்மா கூப்பிட்டார்.

"படிச்சிக்கினு இருக்கேன்னு சொல்லும்மா" என்று உள்ளேயிருந்து சொன்னேன். வெளியே கேட்கும்படிதான் சொன்னேன்.

"படிக்கட்டும், படிக்கட்டும். பரீச்ச வருதில்ல. நீங்க கெடுக்காதீங்க" என்றார் டீச்சர். அம்மாவிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். வழக்கத்தைவிட மெதுவாகப் பேசியதாகத் தோன்றியது. நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவருடைய செருப்புச் சத்தம் சாலைப் பக்கம் இறங்கிப் போனது. வண்டி வர இன்னும் அரை மணி இருந்தது. அந்த அரை மணியும் நான் போகவில்லை. அதன் பிறகு ஐந்து மாதம், அம்மாவின் போனில் அவர் எண் இருந்தும், ஒரு முறைகூடப் பேசவில்லை.

இறுதிச் சடங்குக்கு எங்கள் ஊரிலிருந்து ஆறு பேர் போனோம். டீச்சரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடி போடாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பந்தலுக்கு வெளியே அவரோடு வேலை பார்த்தவர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நல்ல மனுசிதான். கடைசீல பேரு கெட்டுப்போச்சு. வூட்டுக்கே போவாம பத்தொம்பது வூட்டுக்குப் போனேன்னு போட்டுட்டாங்க. அதான் மலைலேர்ந்து தூக்கிட்டாங்க."

"அவங்களா? நம்ப முடியலியே."

"போன் பொய் சொல்லுமா? எல்லாம் ஒரே எடம், நாப்பது நிமிசம்."

நான் அவர்கள் முன்னால் போய் நின்றுவிட்டேன். "இல்லீங்க. டீச்சர் போனாங்க. எல்லா வூட்டுக்கும் போனாங்க" என்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். "நீ யாரு பாப்பா?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்வதற்குள் அஞ்சலை அத்தை வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பேருந்து நிறுத்தத்தில் அத்தை எல்லாவற்றையும் சொன்னார். மார்கழியில் மேற்பார்வையாளர் வந்தாராம். நான் பள்ளியில் இருந்திருக்கிறேன். எந்த நேரத்தில், எந்த இடத்திலிருந்து பதிந்தோம் என்பதையும் அந்தப் போன் எழுதி வைத்துக்கொள்ளுமாம். எனக்கு அது தெரியாது. டீச்சர் நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். நோட்டில் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், போனில் இருப்பதுதான் கணக்கு என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு மேலேயும் யாரோ ஒரு பட்டியல் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

"வேற யாராச்சும் போனத் தொட்டாங்களான்னு கேட்டாங்க தேனு. நான் வாயத் தொறக்கப் போனேன். டீச்சர் என்னை ஒரு பார்வ பாத்தாங்க. யாரும் தொடல, நானேதான் போட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"ஏன் அத்த?"

"ஆபீசுக்காரங்க போனப்பறம் நானும் டீச்சர்கிட்ட அதத்தான் கேட்டேன். அந்தப் புள்ள ஏதோ படிச்சு மேல வரணும்னு கீது, அது பேரு ஆபீசு பேப்பர்ல ஏறக் கூடாது அஞ்சலைன்னாங்க. மாத்தலும் தானே கேட்டதா சொல்லிக்கினாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ படிக்க மாட்ட, அழுதுக்கினு கெடப்பேன்னு. என்கிட்ட சத்தியமே வாங்கிட்டாங்க." வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார்: "நீ அன்னிக்கு வெளிய வரலன்னு மட்டும் பஸ்ஸாண்ட ஒரு தபா சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

வண்டி வந்தது. ஏறினோம். மலையேறும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அழுதேன்தான். அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை நானும் அத்தையும் உட்கார்ந்து பத்தொன்பது பெயர்களையும் நினைவிலிருந்து எழுதினோம். நோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் 'ஆம்', 'ஆம்' என்று அழுத்திய பெயர்கள் என் விரலுக்கு நினைவிருந்தன. ஒவ்வொரு வீடாகப் போய், கார்த்திகை மாதத்தில் டீச்சர் வந்தாரா என்று கேட்கக் கிளம்பினேன்.

முதல் வீட்டில் இருந்த அக்காவுக்கு அப்போது குழந்தை பிறந்து பத்து நாள். பால் குடிக்கத் தெரியாமல் குழந்தை அழுதுகொண்டே இருந்ததாம். "மழைல நனஞ்சிக்கினு வந்தாங்க. புள்ள வாய் வச்சுக் குடிக்கற வரைக்கும் எழுந்துக்கவே இல்ல. ரெண்டு மணி நேரம் இருக்கும்" என்றார். போனில் அதற்கு இருந்த இடம் ஒரு 'ஆம்' மட்டுமே. இன்னொரு வீட்டில் கர்ப்பிணியாக இருந்தவர், புருஷன் வெளியூர் போன பிறகு ஒழுங்காகச் சமைப்பதே இல்லையாம். டீச்சர் அடுப்பு மூட்டி, சாமைச் சோறு ஆக்கி, எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்துவிட்டுப் போனாராம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டில், "நல்லா ஞாபகம் கீது. கால்ல அட்ட கடிச்சு ரத்தமா ஊத்துது. உப்பு கொண்டாந்து வச்சேன். அதுக்கு மறுநாள்தான் எங்க சாம அறுப்பு" என்றார்கள். சாமை அறுத்த நாள் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைக் குறித்துக்கொண்டேன்.

பதினெட்டு வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள், பதினெட்டிலும் டீச்சர் வந்ததாகச் சொன்னார்கள். பத்தொன்பதாவது வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு கேரளாவுக்குப் போய்விட்டார்களாம். பக்கத்தில் கேட்கவும் வீடு இல்லை. டீச்சர் அங்கேயும் போயிருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனாலும் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில், பதினெட்டு வீடுகளில் கேட்டேன், ஒரு வீட்டில் கேட்க முடியவில்லை என்றே எழுதினேன். பார்க்காததைப் பார்த்ததாக ஒரு முறை பதிந்தது போதும். போனில் பதிந்தது நான், தேதியை மாற்றாமல் விட்டதும் நான் என்று எழுதி, கீழே என் முழுப் பெயரும் வகுப்பும் போட்டேன். அம்மாவோடு கீழே போய் நேரில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் இரண்டு முறை படித்தார். "அவங்கதான் இப்ப இல்லியேம்மா" என்றார். "தெரியுங்க" என்றேன். நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. வருமா என்றும் தெரியாது. என் பெயர் ஆபீஸ் காகிதத்தில் ஏறக் கூடாது என்று நினைத்தவருக்கு எதிராக அதை நானே ஏற்றிவிட்டேன். அவர் இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். அவர் இருந்தபோதே செய்திருந்தால் கோபித்துக்கொள்ளவாவது அவர் இருந்திருப்பார்.

மாலை போட்டு வைத்துக்கொள்ள அவருடைய படம்கூட எங்களிடம் இல்லை. எல்லோருடைய முகத்தையும் எடுத்த அந்தப் போனில் அவருடைய முகம் இல்லை. அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பத்தொன்பது வீடுகளுக்கும் நடந்து முடிக்க எனக்கு நாலு சனி ஞாயிறு ஆனது. கடைசி வீட்டிலிருந்து இறங்கும்போது வலது முட்டி மடங்கவில்லை. எனக்குப் பதினாறு வயது, அவருக்கு ஐம்பத்தேழு. நாற்பது நிமிடத்தில் நான் முடித்துவிட்ட தூரம் எவ்வளவு என்று இப்போது என் கால்களுக்குத் தெரியும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.